அல்சருக்குக் காரணம் காரமா, கிருமியா? டாக்டரிடம் கேட்க மறந்துபோகும் கேள்வி

'நேரத்துக்குச் சாப்பிடலைன்னா அல்சர் வந்துடும்.'

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் யாராவது இருப்பாரா என்பது சந்தேகம்தான். ஹாஸ்டலுக்குக் கிளம்பும் பிள்ளையிடம் அம்மா சொல்லும் கடைசி அறிவுரை இது. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு டீயும் பன்னுமாகக் காலையை ஓட்டுபவரிடம் ரூம்மேட் சொல்வதும் இதுதான். வயிறு எரியுது என்று வாயைத் திறந்தால் போதும், வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். காலையில சாப்பிட்டியா? ஊறுகாய் தொட்டுக்கிட்டியா? ஒரு நாளைக்கு எத்தனை டீ? ஆபீஸ்ல ரொம்ப டென்ஷனா?

இந்த விசாரணையில் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: தப்பு வயிற்றுக்காரர் மேல். தண்டனையும் ஏற்கெனவே முடிவானது: தயிர் சாதம், மோர், காலையில் வெறும் வயிற்றில் ஒரு 'கேஸ் மாத்திரை'.

'பாக்டீரியா டெஸ்ட் எடுத்துப் பார்த்தியா?' என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உண்மையான அல்சர் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். விடை தெரிந்து 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த விடைக்கு நோபல் பரிசும் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் நம்மூர் வீடுகளில் அல்சர் இன்னும் சாப்பாட்டு ஒழுக்கத்தின் நோயாகவே இருக்கிறது. இந்த நம்பிக்கைக்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு சிலருக்கு அது ரொம்பப் பெரிய விலை.

எது அல்சர், எது அல்சர் இல்லை?

பேச்சு வழக்கில் வயிற்று எரிச்சல், புளித்த ஏப்பம், நெஞ்சுக் கரிப்பு எல்லாமே 'அல்சர்'தான். மருத்துவத்தில் அப்படி இல்லை. இரைப்பையின் உள்சுவரிலோ, அதை அடுத்துள்ள முன்சிறுகுடலிலோ உண்டாகும் ஆழமான புண்ணுக்குத்தான் அந்தப் பெயர். எண்டோஸ்கோபி செய்து கண்ணால் பார்த்தால்தான் அதை உறுதியாகச் சொல்ல முடியும். எரிச்சல் இருக்கும் எல்லோருக்கும் புண் இருக்காது. உணவுக்குழாய்க்குள் அமிலம் மேலேறி வருவது, சாதாரண அஜீரணம் என்று வேறு காரணங்கள்தான் அதிகம்.

உண்மையான அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. சுருக்கமாக எச். பைலோரி. இன்னொன்று, ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்துவிட்டால் ஆபத்து இன்னும் கூடும். மற்ற காரணங்கள் அரிது.

அப்படியானால் மிளகாய்? 1988-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமான சிலருக்குக் காரமான உணவைக் கொடுத்து, பிறகு அவர்களது இரைப்பையை வீடியோ எண்டோஸ்கோபியில் பார்த்தார்கள். காரத்தால் குறிப்பிடும்படியான சேதம் எதுவும் தெரியவில்லை. ஏற்கெனவே புண் இருப்பவருக்குக் காரம் எரிச்சலைக் கூட்டலாம். பட்டினியும் டென்ஷனும் வலியை அதிகமாக உணரவைக்கலாம். எனவே அம்மா சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது; அந்த அறிவுரை எரிச்சலைக் குறைக்கும். ஆனால், இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத் தயிர் சாதத்தால் வெளியேற்ற முடியாது.

பெர்த் நகரத்து இரண்டு பேர்

1970-களின் கடைசி வரை மருத்துவ உலகமும் அம்மாக்கள் பக்கம்தான் இருந்தது. இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் எந்தக் கிருமி வாழும்? அல்சருக்குக் காரணம் அதிக அமிலமும் மன அழுத்தமும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லின. பால், கிரீம் என்று பத்தியம் வைத்தார்கள். அதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை: அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பைத் துண்டிப்பார்கள், இரைப்பையின் ஒரு பகுதியையே வெட்டி எடுப்பார்கள். 1976-ல் சிமெட்டிடின், அதன் பின் ரானிடிடின் என்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் வந்தன. புண் ஆறியது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு, இரண்டாண்டுக்குள் மறுபடியும் வந்தது. ஆகவே மறுபடியும் மாத்திரை. உலகிலேயே அதிகம் விற்ற மருந்துகளின் வரிசையில் அவை சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனையில் நோயியல் நிபுணராக இருந்த ராபின் வாரன், 1979-ல் ஒரு நோயாளியின் இரைப்பைத் திசுவில் வளைந்த வடிவப் பாக்டீரியாக்களைப் பார்த்தார். பிறகு தேடத் தேட, வீங்கிச் சிவந்த இரைப்பைகளில் எல்லாம் அவை இருந்தன. 1981-ல் பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்க்க முயன்றார்கள், வளரவே இல்லை. வழக்கமாக இரண்டு நாளில் தட்டுகளைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாட்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் வளர்ந்திருந்தது. அது மெதுவாக வளரும் கிருமி, அவ்வளவுதான் விஷயம்.

யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டல், வாந்தி. எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. திசுவில் பாக்டீரியாவும் இருந்தது. அவருக்கு அல்சர் வரவில்லை. ஆனால், ஆரோக்கியமான இரைப்பையை இந்தக் கிருமியால் நோயாக்க முடியும் என்பது உறுதியானது. அல்சர் நோயாளிக்கு இந்தக் கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொல்வதற்கு 1994 ஆனது. வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

அமிலத்துக்குள் எப்படி வாழ்கிறது?

இந்தக் கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி நிறைய இருக்கிறது. இரைப்பையில் உள்ள யூரியாவை அது உடைத்து அம்மோனியாவாக மாற்றும். அம்மோனியா அமிலத்தை முறிக்கும். அதாவது, தன்னைச் சுற்றி ஒரு சின்ன 'ஏசி ரூம்' அமைத்துக்கொண்டு, இரைப்பைச் சுவரைக் காக்கும் சளிப்படலத்துக்குள் புகுந்து குடியேறிவிடும். அங்கே அழற்சி உண்டாகும், பாதுகாப்பு பலவீனமாகும். அதன் பிறகு நம்முடைய அமிலமே நம்முடைய சுவரை அரிக்கத் தொடங்கும்.

இது பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது. நெருக்கமான வீடுகள், சுத்தமில்லாத குடிநீர், கழிப்பறை வசதிக் குறைவு ஆகியவை அதற்குத் துணை. சிகிச்சை இல்லாவிட்டால் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். ஆக, 28 வயதில் ஓர் ஐ.டி. ஊழியருக்கு இந்தக் கிருமியால் அல்சர் வந்தால், அதற்கு நேற்று ஆப்பில் ஆர்டர் செய்த பிரியாணி மேல் பழி போடுவது வீண். கிருமி அவர் ஒன்றாம் வகுப்பில் சேரும் முன்பே உள்ளே வந்திருக்கலாம்.

உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தத் தொற்று இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. தொற்று உள்ள 100 பேரில் சுமார் 10 முதல் 15 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது அல்சர் வரலாம். 1 முதல் 3 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இந்தப் பாக்டீரியாவை, புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலைப் புகை இருக்கும் அதே பிரிவு.

கேஸ் மாத்திரை எங்கே தவறுகிறது?

பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் எல்லாம் நல்ல மருந்துகள்தான். அமிலத்தைக் குறைத்துப் புண்ணை ஆற்றுகின்றன. சிலருக்கு, மருத்துவர் ஆலோசனையில், நீண்டகாலம் தேவையும்படலாம். பிரச்சினை மாத்திரையில் இல்லை. காரணத்தைத் தேடாமல் மாத்திரையோடு நிறுத்திக்கொள்வதில் இருக்கிறது. கூரை ஒழுகுகிறது என்று கீழே வாளி வைக்கலாம், தப்பில்லை. ஆனால், ஓட்டை எங்கே என்று ஒரு நாளாவது ஏறிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. தினமும் இந்த மாத்திரை போடுபவருக்கு எச். பைலோரி பரிசோதனை செய்தால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று ரிசல்ட் வரலாம். மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை. எண்ணிக்கையைக் குறைத்து ஒளித்துவைக்கிறது. அதனால்தான் பரிசோதனைக்கு 2 வாரங்கள் முன்பே இந்த மாத்திரையையும், 4 வாரங்கள் முன்பே ஆன்டிபயாடிக், பிஸ்மத் மருந்துகளையும் நிறுத்தச் சொல்கிறார்கள். அல்சரில் ரத்தம் கசிந்தவர்களும், ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது.

எந்த டெஸ்ட்?

மூன்று வழிகள் நம்பகமானவை. முதலாவது, யூரியா மூச்சுப் பரிசோதனை. அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவை விழுங்கிவிட்டு, சிறிது நேரம் கழித்து ஒரு பையில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் யூரியாவை உடைக்கும். அந்தக் கார்பன் மூச்சில் வெளிவரும். இரண்டாவது, மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனை. மூன்றாவது, எண்டோஸ்கோபி செய்யும்போதே சிறு திசு எடுத்துப் பார்ப்பது. எண்டோஸ்கோபி எப்படியும் செய்யப்போகிறார்கள் என்றால், 'பயாப்ஸியில் எச். பைலோரியும் பார்ப்பீங்களா டாக்டர்?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

ரத்தப் பரிசோதனை சுலபம்தான். ஆனால் அது எதிர்ப்புப் புரதத்தைத்தான் காட்டும். கிருமி போன பிறகும் அது பல மாதங்கள், ஆண்டுகள் ரத்தத்தில் இருக்கும். இப்போது தொற்று இருக்கிறதா, சிகிச்சையில் போய்விட்டதா என்று சொல்ல அது உதவாது.

14 நாள் கணக்கு

கிருமி இருப்பது உறுதியானால் சிகிச்சை ஒரே மாத்திரையில் முடியாது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு ஆன்டிபயாடிக்குகள். பல சமயம் பிஸ்மத்தும் சேரும். பல ஆண்டுகளாக அமாக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின் ஜோடிதான் வழக்கம். இப்போது பல நாடுகளில் கிருமி கிளாரித்ரோமைசினுக்குப் பழகிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்ட, புதிய மருந்துகள் அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் இதுவும் இருந்தது. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று தெரியாத நிலையில் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலக் குறைப்பு மருந்து என நான்கும் சேர்ந்த 14 நாள் சிகிச்சையை முதல் தேர்வாகச் சொல்கிறது. இந்தியாவில் மெட்ரோனிடசோலுக்குப் பழகிய கிருமிகள் அதிகம். பேதி என்றாலே அந்த மாத்திரையை வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. எனவே எந்தக் கூட்டணி, எவ்வளவு டோஸ் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். நண்பரின் பழைய பிரிஸ்கிரிப்ஷனை மெடிக்கல் ஷாப்பில் நீட்டுவது வேலைக்கு ஆகாது.

இந்த 14 நாள் சுகமாக இருக்காது. நான்கு மருந்துச் சிகிச்சையில் ஒரு நாளைக்குப் பத்துக்கும் மேல் மாத்திரைகள் வரலாம். வாயில் இரும்புச் சுவை, குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். பிஸ்மத் நாக்கையும் மலத்தையும் கருப்பாக்கும். அது பயப்பட வேண்டியதில்லை. மெட்ரோனிடசோல் எடுக்கும்போது மது கூடாது. டெட்ராசைக்ளினைப் பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. பென்சிலின் ஒவ்வாமை, கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இவை முன்கூட்டியே தெரியாததால்தான் பலர் ஐந்தாம் நாளே விட்டுவிடுகிறார்கள். 'எரிச்சல் போயிடுச்சு, இனி எதுக்கு மாத்திரை?' என்பது அப்போது எழும் கேள்வி. எரிச்சலை அடக்கியது அமிலக் குறைப்பு மருந்தாக இருக்கலாம். கிருமி இன்னும் அங்கேயே இருக்கலாம். பாதியில் விட்டால், அந்த ஆன்டிபயாடிக்கின் அடியைத் தாங்கிய கிருமிகள் மிஞ்சும். அடுத்த முறை அதே மருந்து கேட்காது. கடினமான இரண்டு வாரத்தை ஒரே தடவையில் முடிப்பதுதான் லாபம்.

மாத்திரை முடிந்ததோடு கதை முடியவில்லை. குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ மறுபடி செய்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். முழு கோர்ஸ் முடித்தவர்களிலும் ஒரு பகுதியினருக்குக் கிருமி போகாமல் இருக்கும். வேறு மருந்துகளோடு அடுத்த சுற்றுத் தேவைப்படும். நம்மூரில் அதிகம் விடுபடும் படி இதுதான். கிருமி முழுசாகப் போய்விட்டால், அதனால் வந்த அல்சர் திரும்புவது அரிது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை டப்பாவோடு பயணித்தவருக்கு இது சின்ன விஷயமா?

'பாதிப் பேருக்கு இருக்கும் கிருமியை ஏன் தேடணும்?'

நியாயமான எதிர்க்கேள்வி. கூட்டம் வழியும் ஓ.பி.யில் ஒரு மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நோயாளி கேட்பது இன்றைக்கே நிம்மதி. எல்லோருக்கும் டெஸ்ட், எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் என்று போனால் செலவும் கூடும், மருந்துக்குப் பழகும் கிருமிகளும் பெருகும்.

எல்லோருக்கும் டெஸ்ட் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அல்சர் இருப்பவர், முன்பு இருந்தவர், வாரக்கணக்கில் அஜீரணம் தீராதவர், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்தவர், நீண்டகாலம் ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ எடுக்கப்போகிறவர், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர் ஆகியோருக்குப் பரிசோதனை தேவை. தேடினால் கண்டுபிடித்துச் சிகிச்சை தர வேண்டும். சிகிச்சை தந்தால் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வருடமாகக் கேஸ் மாத்திரை வாங்கும் செலவைக் கூட்டிப் பார்த்தால், ஒரு டெஸ்டும் 14 நாள் மருந்தும் அவ்வளவு பெரிய தொகையாகத் தெரியாது.

இதை இன்னும் பெரிய அளவில் செய்த இடங்களும் உண்டு. தைவானின் மாட்சு தீவுகளில் இரைப்பைப் புற்றுநோய் அதிகம். அங்கே 2004 முதல் பெரியவர்களுக்குப் பரிசோதனை செய்து, தொற்று இருந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் பாதிப்பு பாதியாகக் குறைந்தது. ஜப்பான் 2013-ல் அல்சர் வரும்வரை காத்திருக்காமல், இந்தக் கிருமியால் இரைப்பை அழற்சி உள்ளவர்களுக்கும் மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சை தரத் தொடங்கியது. அங்கே நோயின் பாரம் அதிகம். அதை அப்படியே இங்கே நகலெடுக்க வேண்டியதில்லை. ஆனால், மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மலப் பரிசோதனை எளிதாகக் கிடைக்கச் செய்வதும், பிரிஸ்கிரிப்ஷனிலேயே 'மறுபரிசோதனை எப்போது' என்று தேதி எழுதித் தருவதும் நம்மால் முடியாத காரியமா?

எதற்குக் காத்திருக்கக் கூடாது?

ரத்த வாந்தி, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, தார் போல ஒட்டும் கருப்பு மலம், திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி இருந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், ரத்தசோகை, நடுத்தர வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வயிற்றுத் தொந்தரவு ஆகியவற்றுக்கு எண்டோஸ்கோபி பற்றி உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். இந்த அறிகுறிகளைக் கேஸ் மாத்திரையால் மூடிவைத்து நாளைக் கடத்துவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுவது நல்லதுதான். சிகரெட்டை விடுவது ரொம்ப நல்லது. அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஆனால், அல்சர் என்ற வார்த்தையை அடுத்த முறை டாக்டர் சொல்லும்போது, 'எதைச் சாப்பிடக் கூடாது?' என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எச். பைலோரி டெஸ்ட் எடுக்கலாமா? இருந்தால் எத்தனை நாள் மருந்து? போய்விட்டதா என்று எப்போது பார்ப்பது? மூன்றையும் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.